மண் கரண்டைக் குடிக்காது

எர்த் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, மேலே நாலு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டால் லீக்காகிற கரண்டையெல்லாம் பூமி குடித்துவிடும் என்று ஊரில் முக்கால்வாசிப் பேர் நம்புகிறார்கள். ஒயரிங் வேலை பார்க்கிறவர்களிலும் பலர் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். இந்த நம்பிக்கையை முதலில் இறக்கி வைக்காமல், வாசலில் நிற்கிற இரும்பு விளக்குக் கம்பத்தைப் பற்றி என்ன பேசினாலும் பயனில்லை.

ஏனாத்தூரில் பல்கலைக்கழகத்துக்குப் போகிற பக்கம் ஒரு டீக்கடை. அங்கே வழக்கமாக வரும் பெரியவர் ஒருவர் புதிதாக வீடு கட்டி, கேட்டுக்கு இரண்டு பக்கமும் 8 அடி இரும்புக் குழாயில் உருண்டை விளக்கு போட்டிருக்கிறார். ராத்திரியில் பார்க்க அம்சமாகத்தான் இருக்கிறது. மழை விட்ட ஒரு விடியற்காலை, விளக்கை அணைப்பதற்கு முன் வாசல் தெளிக்க வந்த மருமகள் கம்பத்தில் கை வைத்திருக்கிறார், சுர்ரென்றிருக்கிறது.

“குழிக்கு ரெண்டு மூட்டை கரி, ஒரு மூட்டை உப்பு. இன்னும் எதத்தான் தம்பி போடணும்?” என்றார் பெரியவர்.

“போட்டது போதுங்க ஐயா. கரண்ட் எந்த வழியாப் போகுதுன்னு பார்ப்போம்.”

கரண்ட் மண்ணைத் தேடிப் போவதில்லை. தெருக்கோடியில் இருக்கிற டிரான்ஸ்பார்மரிலிருந்து கிளம்புகிறது, அந்த டிரான்ஸ்பார்மருக்கே திரும்பிப் போக வழி தேடுகிறது. 11,000 வோல்ட்டில் வருவதை அது 433 வோல்ட்டாக இறக்கிக் கொடுக்கிறது. ஒற்றை பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே நம் வீட்டுக்கு 230. அந்த நியூட்ரல் முனையை டிரான்ஸ்பார்மரின் அடியிலேயே மண்ணில் இறக்கிக் கட்டியிருப்பார்கள். அதனால்தான் மண் வழியாகவும் திரும்ப முடிகிறது. அந்தக் கட்டு இல்லையென்றால் ஒற்றைப் பேஸைத் தொட்டவனுக்கு இந்த அளவு ஷாக்கே அடிக்காது. ஆக, உங்கள் குழியில் இறங்குகிற கரண்ட் அங்கேயே அடங்குவதில்லை. மண்ணுக்குள் நடந்து, டிரான்ஸ்பார்மர் குழி வழியாக மேலே ஏறி, நியூட்ரலைப் போய்ச் சேர்கிறது. இந்த வழி எவ்வளவு தாராளமானது என்பதுதான் கேள்வி. மூட்டைக் கணக்கு அதற்கு அப்புறம்.

வடை மடித்துக் கொடுத்த பேப்பரின் ஓரத்திலேயே கணக்குப் போட்டோம். இரண்டரை மீட்டர் குழாயை ஓரளவு ஈரமான மண்ணில் இறக்கினால் 15, 20 ஓம் தடை இருக்கும். ஏரியை ஒட்டிய களிமண்ணில் இன்னும் குறையும். மணல் பாங்கான நிலத்தில், சித்திரை வெயிலில், 50-ஐத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. நல்லபடியாகவே 20 என்று வைப்போம். டிரான்ஸ்பார்மர் பக்கம் 2 ஓம். விளக்குக்குள் பேஸ் ஒயர் உரசி, கம்பத்தின் உடம்பில் பட்டுவிட்டது. 230-ஐ 22-ஆல் வகுத்தால் 10 ஆம்பியர் சொச்சம்.

வீட்டில் லைட் லைனுக்கு இருப்பது 10 ஆம்பியர் எம்சிபி. அந்தப் பத்தரை ஆம்பியரை அது மணிக்கணக்காகத் தாங்கும். தன் அளவைவிட 13 சதவீதம் கூடுதலாக ஓடினாலும் ஒரு மணி நேரம் விழக்கூடாது என்பதுதான் அதற்கான விதி. சட்டென்று விழ வைக்க வேண்டுமானால் நம்மூரில் பரவலாகக் கிடைக்கும் ‘சி’ வகைக்கு 100 ஆம்பியர் வரை பாய வேண்டும். ஆக எம்சிபி விழாது. அந்த நேரத்தில் கம்பத்தில் எவ்வளவு வோல்ட்? பத்தரையை 20-ஆல் பெருக்கினால் 209. கரி, உப்பு, தண்ணீர் எல்லாம் போட்டு முறைப்படி எர்த் செய்த கம்பத்தில் 209 வோல்ட்! கரண்ட் பில் எகிறுவதைத் தவிர வெளியே ஓர் அறிகுறியும் இருக்காது.

பெரியவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். “அப்போ குழியே தண்டமா?”

தண்டமில்லை, அதன் வேலை வேறு. எர்த் என்பது ஷாக்கை விழுங்குகிற சாமான் கிடையாது. கோளாறு வந்தவுடன் கரண்டுக்கு ஒரு வழி கொடுத்து, அந்த ஓட்டத்தை வைத்து வேறொன்று சப்ளையை வெட்டுவதற்கு உதவுகிற சாமான். வெட்டுகிற ஆள் இல்லாமல் எர்த் மட்டும் இருந்தால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

இதைக் கணக்காக மட்டும் பார்க்க வேண்டாம். 2019 செப்டம்பரில் சென்னை முகலிவாக்கத்தில் 14 வயதுப் பையன் ஒருவன் தெருவில் நடந்துபோகும்போது, தெருவிளக்குக்காகப் புதைத்து மண்ணுக்கு வெளியே தெரிந்துகொண்டிருந்த ஒயரை மிதித்து இறந்தான். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2017 நவம்பர் 1-ம் தேதி, கொடுங்கையூரில் மழைநீருக்குள் கிடந்த மின்கம்பி இரண்டு சிறுமிகளைக் கொண்டுபோனது. 2023 ஜூனில் புதுடெல்லி ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு பெண் தேங்கிய தண்ணீரைத் தாண்ட மின்கம்பத்தைப் பிடித்தார், அதோடு சரி. மூன்று இடத்திலும் ஒரு பொது அம்சத்தைப் பாருங்கள்: ஈர மண்ணோடு உறவாடிக்கொண்டு ஒரு லைன் உயிரோடு இருந்திருக்கிறது, அதை அணைக்க வேண்டிய எதுவும் அணைக்கவில்லை. பியூஸும் எம்சிபியும் ஒயர் பற்றி எரியாமல் காக்க வந்தவை. மனிதனைக் காப்பது அவற்றின் வேலைத் திட்டத்திலேயே இல்லை.

அந்த வேலைக்கு வந்தது ஆர்சிசிபி. கடைக்காரர்கள் இன்னும் இஎல்சிபி என்று பழைய பெயரில் கேட்டால்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள், அதனால் பரவாயில்லை. பேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பிய கரண்டும் சமமா என்று அது ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால், வேறு ஏதோ வழியில் கரண்ட் திரும்புகிறது என்று அர்த்தம்; கால் நொடி சொச்சத்துக்குள் வெட்டிவிடும். கசிவு பெரிதாக இருந்தால் இன்னும் வேகம், நொடியில் 25-ல் ஒரு பங்கு. ஈரக் கையும் வெறுங்காலுமாக இருக்கிற உடம்புக்குத் தோராயமாக 1,000 ஓம் என்று வைத்தால் 230 வோல்ட்டில் 230 மில்லி ஆம்பியர் நெஞ்சு வழியாக ஓடும். பத்து மில்லியைத் தாண்டினாலே பிடித்த கை விடாது. 30 என்ற எண்ணை யாரும் ஜோசியம் பார்த்து வைக்கவில்லை.

இப்போது அதே குழிக்கு ஆர்சிசிபியைத் துணைக்கு வைத்துப் பாருங்கள். தொட்டால் ஆபத்தில்லை என்று பொதுவாக ஏற்கப்படுகிற அளவு 50 வோல்ட். 50-ஐ 0.03-ஆல் வகுத்தால் 1,666 ஓம். அதாவது குழி 20 ஓமாக இருந்தாலும் 100 ஓமாக இருந்தாலும் ஆர்சிசிபி விழுந்துவிடும். அது இல்லாவிட்டால் 20 ஓம் குழியும் போதாது; இருந்தால் சுமாரான குழியே தாராளம். இரண்டு மூட்டைக் கரிக்கும் ஆள் கூலிக்கும் கொடுத்த பணத்தில் அதை வாங்கியிருக்கலாம். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வீட்டு இணைப்புகளுக்கும் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் பழைய போர்டுகளைத் திறந்து பார்த்தால் அந்த இடத்தில் பெரும்பாலும் வெறும் ஐசொலேட்டர்தான் உட்கார்ந்திருக்கும்.

“அது இருந்தா எர்த்தே வேணாம்னு எங்க ஒயர்மேன் தம்பி சொல்லுது” என்று டீ மாஸ்டர் நடுவில் வந்தார்.

பாதி சரி. எர்த் இல்லாவிட்டாலும் ஆர்சிசிபி விழும், ஆனால் எப்போது? யாராவது தொட்ட பிறகு. கசிகிற கரண்டுக்கு மண்ணுக்குப் போக வேறு வழி இல்லாததால், தொடுகிற ஆள்தான் வழி. எர்த்துக்கான பச்சை ஒயர் ஒழுங்காகக் கம்பத்தில் கட்டியிருந்தால், உரசிய அந்த நொடியிலேயே, வாசலில் ஆளே இல்லாதபோதே விழுந்துவிடும். காலையில் விளக்கு எரியவில்லையே என்று திட்டிக்கொண்டு எழுவோம், அவ்வளவுதான். இன்னொன்று: அதில் ‘டெஸ்ட்’ என்று ஒரு பட்டன் இருக்கிறது. மாதம் ஒருமுறை அமுக்கிப் பார்க்க வேண்டியது. விழுந்தால் ஆர்சிசிபி நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். எர்த் இருக்கிறதா என்று அந்தப் பட்டனுக்குத் தெரியாது.

எர்த்தைச் சோதிக்க நம்மூர் ஒயர்மேன்களிடம் ஒரு பழைய வித்தை உண்டு. 100 வாட் குண்டு பல்பை பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பிடிப்பார்கள். பளிச்சென்று எரிந்தால் ‘எர்த் சூப்பர்’. அந்த பல்ப் இழுப்பது 0.43 ஆம்பியர். 20 ஓம் குழியில் அது 9 வோல்ட்டைக்கூடத் தின்னாது, பல்ப் முழுசாக எரியும். 100 ஓம் மோசக் குழியிலும் பல்புக்கு 190 வோல்ட்டுக்கு மேல் கிடைக்கும், கண்ணுக்குக் கொஞ்சம் மங்கலாகத் தெரியும், அவ்வளவே. எம்சிபியை விழவைக்குமா என்கிற கேள்விக்கு அந்த வெளிச்சத்தில் பதில் இல்லை. ஆர்சிசிபி உள்ள லைனில் இதைச் செய்தால் பல்ப் எரியாமல் டப்பென்று விழும். அப்போது “இந்த டப்பா சரியில்லை சார், கழட்டிடலாமா?” என்று கேட்கிற ஒயர்மேனை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, மருமகளுக்கு அடித்த சுர்ருக்கு வருவோம். எல்இடி விளக்குக்குள் டிரைவர் என்று ஒரு சின்னப் பலகை இருக்கிறது. இரைச்சலை வடிகட்ட அதில் லைனிலிருந்து உலோக உடம்புக்குச் சின்னச் சின்னக் கெப்பாசிட்டர்கள் வைப்பார்கள். உடம்பு எர்த் ஆகாமல் தொங்கலில் இருந்தால், அவை வழியாக அது 100 வோல்ட்டுக்கு மேல்கூட ஏறி நிற்கும். கரண்ட் ஒரு மில்லி ஆம்பியருக்கும் கீழே, அதனால் சுர்ரென்பதோடு நின்றுவிடும். டெஸ்டர் வைத்தால் நியான் எரியும். உண்மையான லீக்குக்கும் அதே நியான்தான் எரியும். டெஸ்டரால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆனால் கணக்கு பிரித்துச் சொல்கிறது. கம்பம் நிஜமாகவே 20 ஓம் குழியோடு சேர்ந்திருந்தால், அரை மில்லி ஆம்பியர் அங்கே உண்டாக்குவது ஒரு வோல்ட்டில் நூற்றில் ஒரு பங்கு. கை அதை உணரவே உணராது. சுர்ரென்றது என்றால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, பச்சை ஒயர் குழி வரை போய்ச் சேரவில்லை. இல்லையென்றால் ஆம்பியர் கணக்கில் பெரிய லீக். இரண்டும் உட்கார்ந்து டீ குடிக்கிற விஷயமில்லை என்பதால் எழுந்தோம்.

மெயினை அணைத்து, கம்பத்தின் அடியில் இருக்கிற சின்னக் கதவைக் கழற்றினோம். பச்சை ஒயர் இருந்தது, லக் இருந்தது, போல்ட்டும் முறுக்கியிருந்தது, பெயின்டுக்கு மேலே! பவுடர் கோட்டிங் என்பது அருமையான இன்சுலேஷன். மல்டிமீட்டரின் ஒரு முனையை லக்கிலும் இன்னொன்றைச் சுரண்டிய இரும்பிலும் வைத்தால் தொடர்பே காட்டவில்லை. குழியில் அவ்வளவு செலவு, குழியும் கம்பமும் சந்திக்கிற ஓர் அங்குலத்தில் ஒன்றுமே இல்லை.

அந்த ஓர் அங்குலத்தை எப்படிச் செய்வது என்பதுதான் வெளிப்புற விளக்கு எர்த்திங்கில் பாதி விஷயம். போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்டைப் பளபளவென்று இரும்பு தெரியச் சுரண்ட வேண்டும். ஒயரை முறுக்கிச் சுற்றாமல் லக்கில் கிரிம்ப் செய்து, பல் வைத்த வாஷர் போட்டு முறுக்கி, மேலே வாஸலின் தடவிவிட்டால் துரு அண்டாது. அடிக்கதவு தனி உலோகம், அது கீலை நம்பி எர்த் ஆகாது. கம்பத்திலிருந்து அதற்கென்று ஒரு சின்ன ஒயர் வேண்டும். உச்சியில் விளக்கின் எர்த் முனைக்கும் பச்சை ஒயரையே ஏற்றிக் கட்ட வேண்டும், குழாய் இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. உள்ளே பச்சை ஒயரை மற்ற இரண்டையும்விடச் சற்று நீளமாக விடுவது நல்ல பழக்கம்: யாராவது கேபிளை இழுத்தால் கடைசியாக அறுவது எர்த்தாக இருக்கும். கேபிள் நுழைகிற கிளாண்டு கீழ்ப்பக்கம் பார்க்கட்டும். மேலே ஓட்டை போட்டு சிலிக்கான் அப்புகிறவர்களை ஐப்பசி மழை மன்னிப்பதில்லை. எல்லாம் முடிந்த பிறகு, வீட்டு எர்த் முனையிலிருந்து கம்பத்தின் உச்சி வரை மீட்டரில் பார்த்தால் 1 ஓமுக்கும் கீழே காட்ட வேண்டும்.

விளக்கை வாங்கும்போதே அதன் மேல் இருக்கிற குறியைப் பாருங்கள். சதுரத்துக்குள் சதுரம் போட்டிருந்தால் இரட்டைக் காப்பு, அதற்கு எர்த்தே தேவையில்லை. வட்டத்துக்குள் எர்த் அடையாளம் இருந்தால் கட்டாயம் தேவை. இரண்டு குறியும் இல்லாத விளக்கு மலிவாகக் கிடைக்கும், வேண்டாம். என்னைக் கேட்டால் கை எட்டும் உயரத்தில் இரும்பு விளக்கே வேண்டாம். பிளாஸ்டிக் உடம்பு, இரட்டைக் காப்பு, இல்லாவிட்டால் 12 வோல்ட். அழகுக்கு இரும்புதான் வேண்டும் என்றால் அந்த அழகுக்கான பராமரிப்பையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு பழக்கத்தை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன், நிறுத்துங்கள். எர்த் ஒயர் எட்டாத இடத்தில் ‘ரெண்டும் ஒண்ணுதான் சார்’ என்று நியூட்ரலிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கம்பத்தில் கட்டிவிடுகிறார்கள். காற்றடித்து, தென்னை மட்டை விழுந்து, வருகிற வழியில் நியூட்ரல் அறுந்தால், விளக்கு வழியாகவும் பிரிட்ஜ் வழியாகவும் போன பேஸ் கம்பத்துக்கு வந்து நிற்கும். கோளாறு வீட்டுக்குள் இல்லை, தெருவில் இருக்கிறது. சாவு மட்டும் வாசலில். இதன் மறுபக்கமும் நடக்கிறது. நியூட்ரல் போய்விட்ட ராத்திரி, எர்த் கம்பியையே நியூட்ரலாக்கி டிவி ஓட்டுவது. அப்போது வீட்டிலுள்ள ஒவ்வொரு எர்த் முனையிலும், இந்தக் கம்பம் உட்பட, கரண்ட் ஏறிவிடுகிறது.

“கேட்டையும் கம்பத்தோட சேர்த்துக் கட்டிடட்டுமா?” பெரியவர் கேட்ட நல்ல கேள்வி இது.

பாண்டிங் என்கிறார்களே, அதன் நோக்கம் ஒன்றுதான்: ஒரே ஆள் ஒரே நேரத்தில் தொடக்கூடிய இரண்டு உலோகங்களுக்கு நடுவே வோல்ட் வித்தியாசம் வரக்கூடாது. ஒரு கை கம்பத்தில், மறு கை கேட்டில். அவர் வீட்டில் இரண்டும் ஒரு முழ தூரம். கேட்டில் காலிங் பெல் வேறு. 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரால் கட்டச் சொன்னேன். கேட் ஆடுகிற கீலுக்குக் குறுக்கே வளைகிற ஒயர். இரண்டரை மீட்டருக்குள் இருந்தால் கட்டலாம் என்பது பொது அளவு.

ஆனால் அவர் கொல்லைப்புறக் கம்பிவேலியையும் சேர்க்கலாமா என்றபோது வேண்டாம் என்றேன். கம்பத்திலிருந்து அது எட்டாத தூரம். சேர்த்தால், கோளாறு வருகிற நேரத்தில் வாசலில் இருக்க வேண்டிய வோல்ட்டை வேலி வழியாகப் பக்கத்துக் கழனி வரை நாமே கொண்டுபோய் விடுவோம். அங்கே மாடு மேய்கிறது. இதில் இன்னொரு வரம்பும் உண்டு: உலோகத்தை உலோகத்தோடு கட்டலாம், காலுக்கடியில் இருக்கிற ஈர மண்ணை எதனோடு கட்டுவது? வீட்டுக்குள் பாண்டிங் கொடுக்கிற பாதுகாப்பை வாசலில் எதிர்பார்க்க முடியாது. கம்பத்தடியில் ஒரு ராடு இறக்கி அதே பச்சை ஒயரோடு சேர்த்தால் கொஞ்சம் உதவும். மீதியை ஆர்சிசிபிதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மழையில் அது அடிக்கடி விழும் என்பது உண்மை. அதற்காகத்தான் வெளி விளக்குகளுக்கென்று தனி ஆர்சிசிபி போடச் சொல்வது. வாசல் விளக்கில் தண்ணீர் புகுந்ததற்கு பிரிட்ஜும் மோட்டாரும் நிற்க வேண்டாம். விழுகிறதே என்று அதைச் சுற்றி ஒயர் போட்டு நேராக்கிவிடுவது, ஏனாத்தூரிலிருந்து உத்திரமேரூர் வரை நான் போர்டு பார்த்த வீடுகளில் சாதாரணமாக இருக்கிறது. விழுந்தால் ஒவ்வொரு விளக்காகக் கழற்றிவிட்டு ஏற்றிப் பாருங்கள், எது நனைந்தது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். புதைத்த கேபிள் சந்தேகமென்றால், எல்இடிகளைக் கழற்றிவிட்டு, இன்சுலேஷனைச் சோதிக்கிற மெகரில் 500 வோல்ட் வைத்துப் பார்க்கத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

திருவிழா சீரியல் செட் பற்றியும் டீ மாஸ்டர் கேட்டார். 2022 ஏப்ரல் 27-ம் தேதி தஞ்சாவூர் களிமேட்டில் தேரின் உச்சி உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதற்கு எர்த்திங்கும் ஆர்சிசிபியும் மருந்தில்லை. வழியில் கம்பி எவ்வளவு உயரம் என்று முன்பே அளப்பதும், லைனை அணைக்கச் சொல்லி எழுதிக் கொடுப்பதும்தான். ஆனால் பந்தல் கால் இரும்புக் குழாயில் சுற்றுகிற சீரியலுக்கு மேலே சொன்னதெல்லாம் அப்படியே பொருந்தும். ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற இடத்தில் தரை எப்போதும் ஈரம், எல்லோரும் வெறுங்கால். ஜெனரேட்டர்காரரிடம் ஆர்சிசிபி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

தெருவில் நிற்பது உங்கள் கம்பமில்லை. மின்வாரியக் கம்பத்தை இழுத்துப் பிடிக்கிற ஸ்டே ஒயரின் நடுவில் முட்டை மாதிரி ஒரு பீங்கான் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மேலே கம்பி பட்டாலும் கீழ்ப்பாதிக்குக் கரண்ட் இறங்காமல் தடுப்பது அது. அது உடைந்த ஸ்டேயில் மாடு கட்டக் கூடாது, உடையாததிலும் கட்டக் கூடாது. மாட்டுக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் தூரம் அதிகம், நெஞ்சு நடுவில் இருக்கிறது. மண்ணில் பரவுகிற வோல்ட் நம்மைச் சுர்ரென்க வைக்கும் இடத்தில் அதைச் சாய்த்துவிடும். மழைநாளில் ஒரு கம்பத்தடியில் மாடோ நாயோ விழுந்து கிடந்தால் தூக்கப் போகாதீர்கள். தள்ளி நின்று, மற்றவர்களையும் தள்ளி நிறுத்தி, மின்னகம் 94987 94987-க்குக் கூப்பிட்டு, கம்பத்தில் எழுதியிருக்கிற எண்ணைச் சொல்லுங்கள்.